புதர்க்காட்டு மானுக்குக் குட்டை ரைஃபிள்: நான்கில் எது?

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் தாழ்வான காடு எதற்குள் நுழைந்தாலும் முதலில் வழிமறிப்பது சப்ளஜாக் கொடி. பிரம்பு மாதிரி கறுத்து வளைந்து, மரத்துக்கு மரம் பின்னிக் கிடக்கும். தோளில் நீளத் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு குனிந்தால் குழல் முனை அதில் சிக்கும். இழுத்தால் கொடி அதிரும், மேலே இலை சலசலக்கும், நாற்பது அடி தள்ளிப் படுத்திருந்த மான் எழுந்து போய்விடும். குட்டை ரைஃபிள் பற்றிய பேச்செல்லாம் இந்த எரிச்சலில்தான் தொடங்குகிறது.

நம்மூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் மான் வேட்டை குற்றம். இங்கே நியூசிலாந்தில் கதை தலைகீழ். வௌவாலைத் தவிர இந்த மண்ணுக்கே உரிய தரைவாழ் பாலூட்டி எதுவும் கிடையாது. மான்கள் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டு முதல் கப்பலில் வந்து இறங்கியவை, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்ப்பவை. துப்பாக்கி உரிமமும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் இருந்தால், அனுமதித்த பொதுக்காடுகளில் வேட்டையாடலாம். 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு செமி ஆட்டோமேட்டிக் வகைகளில் பெரும்பாலானவை தடை செய்யப்பட்டன. ஆகவே மான் வேட்டை என்றால் இப்போது பெரும்பாலும் போல்ட் ஆக்‌ஷன்தான்: ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளிப் பூட்ட வேண்டும்.

நான் ஒப்பிடப்போவது நான்கை: ஸ்டெய்ர் ஸ்கவுட், ரூகர் கன்சைட் ஸ்கவுட், சிஇசட் 527 கார்பைன், குழலை வெட்டிய டிக்கா டி3எக்ஸ். நான்கையும் ஒரே தராசில் வைப்பது முழுக்க நியாயமில்லை என்பது தெரியும். ஆனால் கடையில் நிற்பவர் மனதில் இவைதானே வரிசையாக வந்து நிற்கின்றன.

முதல் இரண்டுக்கும் ஒரே தகப்பன், ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர். ஒருவர் எங்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொதுப்பயன் ரைஃபிள் எப்படி இருக்க வேண்டும் என்று 1980-களில் அவர் ஓர் இலக்கணமே வகுத்தார்: நீளம் 1 மீட்டருக்குள், எடை 3 கிலோ அளவில், .308 தோட்டா (0.308 அங்குல விட்டக் குண்டு), குழலின் மேல் முன்தள்ளிப் பொருத்திய சிறு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. அதை ஏறக்குறைய அப்படியே வடித்தது 1998-இல் வந்த ஆஸ்திரியாவின் ஸ்டெய்ர். முன்கட்டையே பிரிந்து இரு கால்களாக ஊன்றிக்கொள்ளும், பின்கட்டைக்குள் உபரி மேகசின் (தோட்டாக் கூடு) ஒளிந்திருக்கும். கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. விலையைக் கேட்டால் தானாக வைத்துவிடுவோம்.

ரூகர் 2011-இல் அதே எண்ணத்தைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்தது. குழல் 16.5 அங்குலம், லேமினேட் மரக்கட்டை, பழைய ஜெர்மன் மௌசர் ரைஃபிளின் பாணியில் தோட்டாவின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பெரிய கொக்கி, முனையில் சைலன்ஸர் மாட்டத் திருகு மரை. நம்பகத்தில் குறை சொல்ல மாட்டேன். எடைதான் இடிக்கிறது. வெறும் துப்பாக்கியே 3.2 கிலோ. ஸ்கோப், சைலன்ஸர், பத்துத் தோட்டா மேகசின் எல்லாம் சேர்ந்தால் 4 கிலோவைத் தாண்டும். தூக்கி நடக்கும்போது கை இயல்பாகப் பிடிக்கும் இடத்தில்தான் அந்த மேகசினும் துருத்திக்கொண்டு நிற்கும். சிறிய மேகசின் போட்டால் இந்தத் தொல்லை தீரும். அப்படியானால் பத்துத் தோட்டா என்ற பெருமை எதற்கு? மானுக்கு இரண்டாவது குண்டு கிடைப்பதே அபூர்வம்.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் அந்த முன்தள்ளிய ஸ்கோப். பட்டப்பகலில், திறந்த வெளியில், இரு கண்ணும் திறந்து சட்டென்று குறிவைக்க அருமையானது. மான் வெளியே வருவதோ விடியலிலும் அந்தியிலும். அந்த மங்கலில், கண்ணிலிருந்து தள்ளி நிற்கும் 2, 2.5 மடங்குச் சிறு ஸ்கோப்பில் பழுப்பு நிறத்தில் ஏதோ அசைவது மட்டும்தான் தெரியும். இங்கே உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பாதுகாப்பு விதிகளில் ஒன்று: இலக்கு இன்னதென்று ஐயமற உறுதி செய்துகொண்ட பிறகே சுட வேண்டும். மான் என்று நினைத்து மனிதரைச் சுட்ட விபத்துகள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. எதுவென்று உறுதி செய்வது பைனாகுலரின் வேலை, சரி. ஆனாலும் சுடும் கணத்தில் கண்முன் இருக்கும் கண்ணாடி தெளிவாக இருப்பதை, குழல் இரண்டு அங்குலம் குறைவதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். இரண்டு ஸ்கவுட்டிலும் ஸ்கோப்பைப் பின்னுக்குக் கொண்டுவந்து வழக்கமான இடத்தில் மாட்டலாம். மாட்டிவிட்டால் கூப்பரின் இலக்கணத்துக்காகக் கொடுத்த காசில் பாதி வீண்.

இனி என் பலவீனத்துக்கு வருகிறேன். செக் நாட்டுச் சிஇசட் 527 கார்பைன். 7.62×39 தோட்டா, அதாவது ஏகே-47 சுடும் அதே தோட்டா. அந்தச் சின்னத் தோட்டாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த குட்டி மௌசர் ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறி. 18.5 அங்குலக் குழல், இரும்புக் குறிகள், மொத்தம் 2.7 கிலோ. பெரிய தோட்டாவுக்கான உடலில் சிறிய தோட்டாவைத் திணித்தவைதான் சந்தையில் அதிகம். இது அப்படியல்ல, எல்லா உறுப்பும் ஒரே அளவில் சுருங்கியிருக்கும். உதை சொல்லிக்கொள்ளும்படி இல்லை, எனவே புதிதாகச் சுடப் பழகுபவர் விசையை இழுக்கும்போது கண்ணை மூட மாட்டார்.

குறைகளும் உண்டு. சேஃப்டி தலைகீழ்: மற்றவற்றில் முன்னே தள்ளினால் சுடத் தயார், இதில் பின்னே இழுத்தால் தயார். இரண்டு வகைத் துப்பாக்கியும் வைத்திருப்பவரின் கட்டைவிரல் ஒருநாள் குழம்பியே தீரும். என் விரல் ஒரு கிளைமானின் முன்னால் குழம்பியது. அது என்னை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனது. விசையை முன்னே தள்ளி வைத்தால் தொட்டாலே விடுபடும் ஏற்பாடும் இதில் உண்டு. குளிரில் விறைத்த விரலோடு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பெரிய கேள்வி தோட்டாவின் வலு. 7.62×39 ஏறத்தாழ 2,000 ஜூல் ஆற்றலோடு கிளம்பும். .308-க்கு அது 3,500 பக்கம். நல்ல மென்முனைக் குண்டோடு, 100, 150 மீட்டருக்குள், தோளுக்குப் பின்னே நுரையீரலில் பட்டால் சிவப்பு மானும் விழும். புதர்க்காட்டில் மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் 30, 50 மீட்டரில் என்பதால் இது போதும். ஆனால் காடு முடிந்து புல்வெளிச் சரிவு தொடங்கும் விளிம்பில் நிற்கும்போது, எதிர்ச்சரிவில் 220 மீட்டரில் ஒரு மான் மேயும். கார்பைன் வைத்திருப்பவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். 527 இப்போது தயாரிப்பிலும் இல்லை, பழையதைத் தேடித்தான் வாங்க வேண்டும். புதிதாக அதே தோட்டாவில் வேண்டுமென்றால் ரூகர் அமெரிக்கன் ராஞ்ச் இருக்கிறது. 16 அங்குலக் குழல், மலிவு, நன்றாகவே சுடும். பிளாஸ்டிக் கட்டை மட்டும் நெளியும்.

தென்தீவின் பனிமலைக்குப் போகிறவர்கள் இந்தத் தோட்டாவை மறந்துவிடலாம். அங்கே இமயமலைத் தார் ஆடு. 1904-இல் கொண்டுவந்து விட்டது, இன்று தொல்லை விலங்கு. நம் நீலகிரி வரையாட்டையும் இதையும் 2005 வரை ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, தார் இங்கே எண்ணிக்கையைக் குறைக்க அரசே ஹெலிகாப்டரில் ஆள் அனுப்பும் விலங்கு. தார் நிற்கும் பாறைக்கும் நமக்கும் நடுவே பள்ளத்தாக்கு கிடக்கும், அங்கே குட்டைக் குழலுக்கு வேலையே இல்லை.

நான்காவது, டிக்கா. ஃபின்லாந்துச் சரக்கு, கடையில் இருக்கும்போது குட்டையே அல்ல. டி3எக்ஸ் லைட் .308-இல் 22.4 அங்குலக் குழலோடு மொத்த நீளம் சுமார் 108 சென்டிமீட்டர், எடை 2.9 கிலோ. சைலன்ஸர் இங்கே சர்வசாதாரணம். காதுக்கும் நல்லது, கூட வரும் நாய்க்கும் நல்லது. அதை முனையில் மாட்டினால் துப்பாக்கி மூங்கில் கழி மாதிரி ஆகிவிடும். அதனால் இங்கே பலர் செய்வது, துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்துக் குழலை 16 அங்குலத்துக்கு வெட்டி, முனையைச் சீர்செய்து, மரை போட்டு வாங்கிக்கொள்வது. வெட்டிய பிறகு 92 சென்டிமீட்டர். சைலன்ஸரோடு சேர்த்தாலும் பழைய நீளத்தைத் தாண்டாது.

வெட்டினால் வேகம் போகுமே? போகும். ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 40, 50 மீட்டர். 860-இல் கிளம்பிய குண்டு 810 சொச்சத்தில் கிளம்பும். காட்டுக்குள் மானுக்கு அது தெரியாது, 250 மீட்டரிலும் .308 தன் வேலையைச் செய்யும். உண்மையான நஷ்டம் வேறு: குழல் குறையக் குறைய வெடிச்சத்தமும் தீப்பிழம்பும் கூடும். சைலன்ஸர் இல்லாமல் இதைச் சுட்டால் அடுத்த அரைமணி நேரம் காதுக்குள் சீழ்க்கைதான்.

டிக்காவின் போல்ட் எண்ணெய் தடவிய கண்ணாடிபோல ஓடும், தூக்க வேண்டிய கோணமும் குறைவு. மூன்று தோட்டா மேகசின் பிளாஸ்டிக்தான், ஆனால் கட்டையோடு ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும், எதிலும் சிக்காது. அழகு? கிடையாது. சிஇசட்டின் வால்நட் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் பாவமாக இருக்கும்.

ஒன்றே ஒன்று வாங்குபவருக்கு வெட்டிய டிக்காவைச் சொல்வேன். ஏற்கெனவே நீள ரைஃபிள் ஒன்று இருந்து, காட்டுக்கென்று தனியாகத் தேடுபவர் நல்ல நிலையில் ஒரு 527-ஐக் கண்டால் விடக்கூடாது. ரூகர் ஸ்கவுட், தேய்மானம் பார்க்காமல் ஜீப்பிலும் குதிரையிலும் போட்டு அடிப்பவருக்கு. ஸ்டெய்ரை நண்பர் யாராவது வாங்கினால் இரவல் கேட்பேன்.

என் டிக்காவைக் கொடுத்தபோது பட்டறைக்காரர் வெட்டிய துண்டையும் கையில் கொடுத்தார். பதினாறு சென்டிமீட்டர் ஃபின்லாந்து எஃகு. மின்கட்டண ரசீதுகள் பறக்காமல் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.