பழுதே இல்லாத போர்டுக்கு 7,800 ரூபாய் கொடுத்தோம்

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் இருக்கும் ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. சென்ற மாதம் ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதே டிரம்மில் பாதித் தண்ணீரோடு மெஷின் நின்றுவிட்டது. கதவும் திறக்கவில்லை. திரையில் தண்ணீர் வெளியேறவில்லை என்பதற்கான பிழைக் குறியீடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

அவசரத்தில் நான் செய்த முதல் தவறு, கம்பெனியின் பெயரோடு சர்வீஸ் என்று இணையத்தில் தேடி, மேலே முதலாவதாக வந்த எண்ணை அழைத்ததுதான். அது கம்பெனியின் எண் அல்ல, காசு கொடுத்துப் போடப்பட்ட விளம்பரம் என்பதை நான் கவனிக்கவில்லை. உண்மையான எண் வாரண்டி அட்டையிலேயே இருந்தது.

ஒரு மணி நேரத்தில் கம்பெனி முத்திரை போட்ட டி-ஷர்ட்டோடு ஒருவர் வந்தார். மெஷினின் முன்பக்கம் கீழே, ஃபில்டரை மறைத்திருக்கும் சிறிய மூடியை அவர் தொடவே இல்லை. பின்பக்கக் குழாயைத் தரையில் இறக்கிப் போட்டுத் தண்ணீரை வடித்தார். மேல் மூடியைக் கழற்றி, டெஸ்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், கடைக்கு எடுத்துட்டுப் போய்தான் மாத்தணும்" என்றார். போர்டு என்பது மெஷினின் எல்லா வேலைகளையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை. மொத்தம் 7,800 ரூபாய், அதில் 4,000 முன்பணம். பணத்தை வேறு ஒருவர் பெயரில் இருந்த யு.பி.ஐ. கணக்குக்கு அனுப்பச் சொன்னபோதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் புதுப் போர்டு என்று சொல்லி மாட்டிவிட்டு மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு முறை துவைத்தோம். மூன்றாவது முறை அதே குறியீடு, அதே அரை டிரம் தண்ணீர். அழைத்துக் கேட்டதற்கு, இப்போது பம்ப் போய்விட்டது, இன்னும் 3,200 ஆகும் என்றார். மறுத்தேன். அதற்குப் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை.

அன்று இரவு மெஷினோடு வந்த கையேட்டை முழுவதும் படித்தேன். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, முன்பக்கம் கீழே வலது மூலையில் இருந்த மூடியைத் திறந்தேன். அங்கே விரல் தடிமனில் ஒரு சிறு குழாயும் அதன் பக்கத்தில் திருகிக் கழற்றும் ஃபில்டரும் இருக்கின்றன. முதலில் சிறு குழாயின் அடைப்பானை எடுத்துத் தட்டையான தாம்பாளத்தில் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து ஊற்றினேன். இதைச் செய்யாமல் ஃபில்டரைத் திறந்தால் மொத்தத் தண்ணீரும் தரையில்தான் போகும். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை கட்டாயம் காத்திருக்க வேண்டும். பிறகு ஃபில்டரை இடப்பக்கமாக மெல்லத் திருகி இழுத்தேன். கறுத்துக் குழைந்த நூல் பிசிறுகளுக்குள் ஓர் ஊக்கு, ஒரு சட்டைப் பொத்தான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், பம்ப்பின் சிறிய விசிறிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஒரு ரூபாய் நாணயம் செருகிக்கொண்டு நின்றது. அதை இடுக்கியால் எடுத்த பிறகு விசிறி விரலுக்குச் சுழன்றது. ஃபில்டரை இறுக்கி மூடி மெஷினை ஓட்டினேன். தண்ணீர் நிற்காமல் வெளியேறியது. முன்பு இரண்டு முறை ஓடியதற்குக் காரணம், அவர் தண்ணீரை வடித்தபோது நாணயம் சற்று விலகியிருந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

போர்டு உண்மையிலேயே செத்திருந்தால் விளக்கு எரிந்திருக்குமா, தண்ணீர் உள்ளே வந்திருக்குமா, டிரம் சுற்றியிருக்குமா? தண்ணீர் போகவில்லை என்று எங்களுக்குச் சொன்னதே அந்தப் போர்டுதானே! இன்னொன்றும் தெரிந்தது. ஒயர்களை மாற்றி மாட்டிவிடக் கூடாதே என்று, அவர் கழற்றுவதற்கு முன் போர்டை என் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். மேல் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த போர்டையும் படம் எடுத்து ஒப்பிட்டேன். ஸ்டிக்கரில் அதே வரிசை எண், ஓரத்தில் அதே உப்புக் கறை. எங்கள் போர்டையே எடுத்துப்போய் எங்களுக்கே விற்றிருக்கிறார்.

எனவே எந்த உதிரிப் பாகத்தையும் வரிசை எண்ணைப் படம் எடுக்காமல் வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஃபில்டரைச் சுத்தம் செய்வது யாரும் செய்யக்கூடிய வேலை. போர்டைப் பழுது பார்ப்பது அப்படியல்ல, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால் அதில் கை வைக்க வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும், பணம் இணையவழியில் போனதால் இணையவழி மோசடிக்கான உதவி எண் 1930-இலும் புகார் பதிவு செய்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் அவர் கொடுத்த பில்லில் முகவரியும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, யார் மீது வழக்குப் போடுவது என்பதே இப்போது என் முன் நிற்கும் கேள்வி. பணம் போன யு.பி.ஐ. கணக்கின் விவரமும் இரண்டு படங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.