கட்டண உறுப்பினர் திட்டம்: பல சீசன்கள் இருந்து பார்த்த பிறகு

எங்கள் கால்பந்து கிளப்பின் கட்டண உறுப்பினர் திட்டத்தில் பல சீசன்களாக இருக்கிறேன். சேர்ந்தபோது இருந்த கட்டணம் இன்று இல்லை. சலுகைகளும் மாறிவிட்டன. இது நியாயமா என்ற வாக்குவாதம் மட்டும் ஒவ்வொரு சீசனும் ரசிகர்கள் நடுவே புதிதாகத் தொடங்குகிறது. சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும், இந்த வருடம் புதுப்பிக்கலாமா என்று தயங்குபவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில், கட்டணம் கட்டினால் டிக்கெட் கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் சேர்கிறார்கள். அப்படிக் கிடைக்காது. டிக்கெட் கேட்டு வரிசையில் நிற்கும் உரிமைதான் கிடைக்கும். ஸ்டேடியத்தில் பெரும்பகுதி இருக்கைகள் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுடையவை. எதிரணி ரசிகர்களுக்கு ஒரு பகுதி, விளம்பரதாரர்களுக்கும் விருந்தினர் மாடங்களுக்கும் ஒரு பகுதி. இவை எல்லாம் போக மிஞ்சும் இருக்கைகளுக்குத்தான் உறுப்பினர்கள் எல்லோரும் போட்டி போடுகிறோம். டிக்கெட்டின் விலை தனி.

நான் சேர்ந்த காலத்தில் முந்துபவருக்கே டிக்கெட். வேலை நாள் காலையில் விற்பனை திறக்கும். திரையில் வரிசை எண் வரும், நகர்வதே தெரியாது. அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது சாத்தியம். வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும், ஷிப்டில் இருக்கும் செவிலியருக்கும், பஸ் ஓட்டுபவருக்கும் எப்படி முடியும்? அவர்களும் அதே கட்டணத்தைத்தான் கட்டியிருந்தார்கள். அப்புறம் குலுக்கல் முறை வந்தது. சில நாள் அவகாசத்தில் எப்போது வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். என் பார்வையில் கிளப் செய்த மிக நல்ல மாற்றம் இதுதான். என் வாய்ப்பு குறைந்திருக்கலாம், ஆனால் என் வேலை என்ன என்பதைப் பொறுத்து வாய்ப்பு மாறவில்லை.

பெரிய ஆட்டங்களுக்கு மட்டும் பாயிண்ட் முறை உண்டு. டிக்கெட் வாங்கிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாயிண்ட் சேரும், அதிகம் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை. வாக்குவாதம் சூடு பிடிப்பது இங்கேதான். ஆட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கினப்ப காலி கேலரியில மழையில உட்கார்ந்தவன் நான். நேத்து வந்தவனும் நானும் ஒண்ணா?" பக்கத்தில் வந்த இளம்பெண் விடவில்லை. "டிக்கெட்டே கிடைக்காம பாயிண்ட் எங்கேருந்துங்க ஐயா சேரும்?" என்று கேட்டார். இரண்டுமே உண்மை. முழுக்கப் பாயிண்ட் என்றால் கதவு புதியவருக்கு என்றைக்கும் திறக்காது. முழுக்கக் குலுக்கல் என்றால் மோசமான காலத்திலும் கூட நின்றவருக்கு எந்த மதிப்பும் இல்லை. பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டில் ஒரு பங்கைப் பாயிண்டுக்கும் மறு பங்கைக் குலுக்கலுக்கும் ஒதுக்குவதே சரி என்று நினைக்கிறேன். இன்னொன்றும் வேண்டும். பாயிண்டுக்காகவே சின்ன ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு வராமல் இருப்பவர்கள் உண்டு. வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட்டுக்கு மட்டுமே பாயிண்ட் என்றால் அந்தக் காலி இருக்கைகள் குறையும்.

இந்தத் திட்டத்தில் நான் மனதாரப் பாராட்டுவது மறுவிற்பனை வசதியை. வர முடியாத சீசன் டிக்கெட்காரர் தன் இருக்கையை கிளப்பின் செயலியிலேயே விட்டுக்கொடுக்கலாம், அச்சிட்ட விலைக்கே இன்னொரு உறுப்பினர் வாங்கிக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்த டிக்கெட்டுகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலையிலும் ஆட்ட நாள் காலையிலும் அடிக்கடி திறந்து பாருங்கள். ஒற்றை இருக்கை என்றால் பொறுமையாக இருப்பவருக்குப் பெரும்பாலும் மாட்டும். சேர்ந்து இரண்டு இருக்கை வேண்டும் என்றால் கஷ்டம்.

சேர்ந்து இரண்டு இருக்கை என்பதில் ஒரு நிஜமான குறை இருக்கிறது. என் மகளும் ஜூனியர் உறுப்பினர். சிறுவர்கள் தனியாக உள்ளே போக முடியாது, பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும், அவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். குலுக்கலில் இருவர் பெயரையும் இணைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆக, இரண்டு கட்டணம் கட்டி ஒரே ஒரு வாய்ப்பு. நாளைய ரசிகர்களை வளர்க்கிறோம் என்று சொல்லும் கிளப், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்த ஒரு குடும்பக் கட்டணத்தையாவது கொண்டுவர வேண்டும். இதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். வந்த பதிலில் நன்றி மட்டும் இருந்தது.

வருடா வருடம் ஒரு பரிசுப் பெட்டி வரும். கழுத்துத் துண்டு, பேட்ஜ், அட்டை. முதல் பெட்டி மகிழ்ச்சி தந்தது, அடுத்தவை அலமாரியை நிரப்பின. பெட்டி வேண்டாம், கட்டணத்தைக் குறையுங்கள் என்று தேர்ந்தெடுக்கும் வழி இல்லை. கடைத் தள்ளுபடி, வீடியோக்கள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உறுப்பினராகச் சேர்ந்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சீசனின் அட்டவணை வெளிவரும் முன்பே வங்கி அட்டையிலிருந்து பணம் போய்விடும்.

கள்ளச்சந்தையைத் தடுக்கத்தான் உறுப்பினர் முறை என்பது கிளப்பின் முக்கிய வாதம். அதில் பாதி உண்மை. பொது விற்பனையாக இருந்தால் நிலைமை இதைவிட மோசமாக இருக்கும். ஆனால் பல பெயர்களில் பல கணக்கு வாங்கி வைத்திருப்பவர்களுக்கு வருடக் கட்டணம் ஒரு சின்ன முதலீடுதான். ஒரு பெரிய ஆட்டத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடுவார்கள். கட்டணம் அவர்களைத் தடுக்காது, அடையாளச் சரிபார்ப்புதான் தடுக்கும்.

கட்டணம் வாங்குவதே தப்பு என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் கிளப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். பார்சிலோனாவிலும் ரியல் மாட்ரிட்டிலும் கட்டணம் கட்டும் உறுப்பினர்கள்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனியில் 1998இல் வந்த 50+1 விதி, வாக்குகளில் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்கிறது. பேயர்ன் மியூனிக்கின் ஸ்டேடியத்தில் சுமார் 75,000 பேருக்குத்தான் இடம், உறுப்பினர்களோ 3 லட்சத்துக்கும் மேல். எல்லோருக்கும் டிக்கெட் கிடைக்க வழியே இல்லை. ஆனாலும் பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கலாம், வாக்களிக்கலாம். அமெரிக்கன் ஃபுட்பால் அணியான கிரீன் பே பேக்கர்ஸ் 1923 முதல் சில முறை ரசிகர்களுக்குப் பங்கு விற்றிருக்கிறது. 2021இல் தொடங்கிய விற்பனையில் ஒரு பங்கு 300 டாலர். ஈவுத்தொகை கிடையாது, சந்தையில் விற்க முடியாது, டிக்கெட்டில் முன்னுரிமையும் கிடையாது. இதையெல்லாம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லித்தான் விற்றார்கள். வாங்கியவருக்கு வாக்குரிமை உண்டு. இங்கிலாந்தின் ஏஎஃப்சி விம்பிள்டன் கிளப்பை 2002இல் ரசிகர்களே தொடங்கினார்கள், இன்றும் பெரும்பான்மை உரிமை ரசிகர் அறக்கட்டளையிடம்தான்.

எங்கள் உறுப்பினர் அட்டையில் வாக்கு இல்லை. பெயர்தான் உறுப்பினர், நடத்தப்படுவது வாடிக்கையாளராக. சரி, அப்படியே இருக்கட்டும். வாடிக்கையாளர் என்றால் என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும் அல்லவா? எத்தனை உறுப்பினர் அட்டைகளை விற்றிருக்கிறார்கள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் எத்தனை டிக்கெட் ஒதுக்கினார்கள், எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்பதை எங்கள் கிளப் இதுவரை வெளியிட்டதில்லை. அட்டைகளுக்கு உச்சவரம்பும் இல்லை. இருக்கைகள் அதே எண்ணிக்கை, வரிசையில் இடம் மட்டும் விற்க விற்கக் கூடிக்கொண்டே போகிறது. என்னுடைய குறை கட்டணத்தின் மேல் இல்லை, இந்த மறைப்பின் மேல்தான்.

தூரத்தில் இருக்கும் ரசிகர்கள் சேர்வதால்தான் எங்களுக்குக் கிடைப்பதில்லை என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் தவறான ஆள் மேல் விழுகிறது. நேரில் வர முடியாதவர் கிளப்பின் மேல் உள்ள பாசத்தில் கட்டணம் கட்டுகிறார், குலுக்கலில் பெயர் கொடுப்பதே அபூர்வம். எண்ணிக்கை வெளியானால் இந்தச் சண்டை அன்றே முடிந்துவிடும்.

கேட்டு என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு 2016 பிப்ரவரியை நினைவுபடுத்துகிறேன். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் அடுத்த சீசனுக்கு 77 பவுண்ட் டிக்கெட் அறிவித்தது. சண்டர்லேண்டுடன் நடந்த ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். தங்கள் அணி 2-0 என முன்னிலையில் இருந்த நேரம் அது. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் அந்த விலையைக் கைவிட்டார்கள். அதே வருடம் பிரீமியர் லீக் கிளப்புகள் வெளியூர் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 30 பவுண்ட் உச்சவரம்பு வைக்க ஒத்துக்கொண்டன.

நீங்கள் ஸ்டேடியத்துக்கு எளிதாகப் போகக்கூடியவர், தனியாக ஆட்டம் பார்க்கத் தயங்காதவர், எந்த எதிரணியானாலும் சரி என்பவர் என்றால் அடிப்படை அட்டை கட்டணத்துக்குத் தகும். பெரிய ஆட்டம் ஒன்றுக்காக மட்டும் சேர்வதாக இருந்தால் வேண்டாம். ஒரு சீசன் முழுக்கப் பெயர் கொடுத்தும் எதுவும் விழாதவருக்கு அடுத்த வருடக் கட்டணத்தில் கழிவோ குலுக்கலில் கூடுதல் வாய்ப்போ தர வேண்டும் என்று எங்கள் ரசிகர் குழு கிளப்புக்கு மனு கொடுத்திருக்கிறது. என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. என் அட்டையையும் மகளின் அட்டையையும் இந்த வருடமும் புதுப்பித்துவிட்டேன். அதிகக் கட்டணத்துக்கு முன்னுரிமை தரும் மேல் அடுக்குத் திட்டத்துக்கு மாறச் சொல்லி மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது. குலுக்கல் கணக்கு வெளியாகும்வரை அதற்கு மாறப்போவதில்லை.