கண்ணாடித் தகடுகளில் ஒரு பத்திரிகைக் காலம்: பெயின் தொகுப்பு

பத்திரிகைப் புகைப்படக் கலையின் தொடக்க காலத்தை அறிய விரும்புவோருக்கு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கும் ஜார்ஜ் கிராந்தம் பெயின் தொகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். செயின்ட் லூயிஸ் நகர நாளிதழ்களில் நிருபராகத் தொழில் பழகிய பெயின், 1898-இல் நியூயார்க்கில் நிறுவனம் தொடங்கிப் பத்திரிகைகளுக்குச் செய்திப்படங்களை விற்றார். 1908-இல் நேர்ந்த தீ விபத்தில் அவருடைய சேகரிப்பு அழிந்ததால், இன்று காணக்கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. 1948-இல் நூலகம் வாங்கிய இத்தொகுப்பில் கண்ணாடி நெகட்டிவ்கள், அதாவது ஒளியும் இருளும் தலைகீழாகப் பதிந்த கண்ணாடித் தகடுகள், மட்டுமே ஏறத்தாழ 40,000 உள்ளன.

என்னை மிகவும் ஈர்த்தது நூலகத்தின் நேர்மை. தகட்டின் ஓரத்தில் அன்றைய ஊழியர்கள் மையால் எழுதிய குறிப்பு, படத்தில் வெள்ளை எழுத்தாகத் தெரிகிறது. அதில் பிழை இருந்தாலும், சரிபார்க்கப்படாத குறிப்பு என்ற எச்சரிக்கையோடு அப்படியே பட்டியலில் தருகிறார்கள். 2008 முதல் ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்திலும் படங்கள் வெளியாகிவருவதால், பழைய நாளிதழ்களைத் தேடிப் படிக்கும் வாசகர்கள் ஆட்களையும் தேதிகளையும் அடையாளம் காட்ட, அவற்றைச் சரிபார்த்து நூலகம் தன் பதிவுகளைத் திருத்துகிறது. ஆவணக் காப்பகம் ஒன்று பொதுமக்களின் உழைப்பை இவ்வளவு மதித்து ஏற்பது பாராட்டத்தக்கது.

1912 ஏப்ரலில் டைட்டானிக்கிலிருந்து பிழைத்த கம்பியில்லாத் தந்தி இயக்குநர் ஹெரால்ட் பிரைடைப் பாதங்களில் கட்டுகளோடு தூக்கிச் செல்லும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிழைத்தவர்களை மீட்டுவந்த கார்பேத்தியா கப்பல் கரைசேர்ந்த அன்றிரவே நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர் அவரிடம் கேட்டறிந்த வாக்குமூலம் மறுநாள் வெளிவந்தது. எழுதியவரும் படமெடுத்தவரும் எத்தகைய நெருக்கடியில் ஓடியாடி வேலை செய்திருப்பார்கள் என்பது, இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. போர்முனைச் செய்திகளால் புகழ்பெற்ற ரிச்சர்ட் ஹார்டிங் டேவிஸ் போன்ற நிருபர்களின் உருவப்படங்களும் இத்தொகுப்பில் உண்டு.

குறை ஒன்று இருக்கிறது, அது சிறியதன்று. பெரும்பாலான படங்களில் நிறுவனத்தின் பெயரே இருக்கிறது. கேமராவைச் சுமந்தவர் யார் என்பது இல்லை. 1899-இல் பெயினுக்காக நேப்பிள்ஸ் சென்று, அமெரிக்கக் கடற்படைத் தளபதி அட்மிரல் டூயியை அவருடைய ஒலிம்பியா கப்பலிலேயே படமெடுத்த ஃபிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டனைப் போல வரலாற்றில் பெயர் பதித்தவர்கள் மிகச் சிலர். இது நூலகத்தின் தவறன்று, அன்றைய தொழில்முறை அப்படி. ஆயினும் இத்தொகுப்பைப் பயன்படுத்துவோர், எல்லாவற்றையும் பெயினே எடுத்ததாக எழுதிவிடக் கூடாது.

பயன்படுத்துவது எளிது. பதிவு செய்ய வேண்டியதில்லை. உயர்தரக் கோப்பையே இறக்கிக்கொள்ளலாம். மறுவெளியீட்டுக்குத் தடை எதுவும் அறியப்படவில்லை என்றே நூலகம் குறிப்பிடுகிறது. பட்டியல் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. பெயர்களின் எழுத்துக்கூட்டல் தகட்டுக்குத் தகடு மாறுவதால், ஒரே ஆளை இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடிப்பார்ப்பது நல்லது.