வேல்ஸ் கிராமத்துப் படங்கள் மூன்று: எதை முதலில் பார்ப்பது?

வேல்ஸ் கிராம வாழ்க்கையைச் சிரிப்பும் கண்ணீருமாகக் காட்டிய படங்களில் மூன்றை எடுத்துக்கொள்ளலாம். 1995-இல் வந்த 'தி இங்கிலிஷ்மேன் ஹூ வென்ட் அப் எ ஹில் பட் கேம் டவுன் எ மவுண்டன்' (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இடைவேளையே வந்துவிடும்), 2014-இல் வந்த 'பிரைட்', 2020-இல் வந்த 'ட்ரீம் ஹார்ஸ்'. ஒரு ஊர் எப்படி ஊராக இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், என் ஓட்டு முதல் படத்துக்குத்தான்.

கதை நடப்பது 1917-இல். வரைபடம் தயாரிக்க இங்கிலாந்திலிருந்து வரும் இருவர், ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மலையை அளக்கிறார்கள். 1000 அடி இருந்தால்தான் மலை, இல்லாவிட்டால் வெறும் குன்று. 16 அடி குறைகிறது! உடனே ஊரே வாளியில் மண் அள்ளி மேலே ஏறுகிறது. வந்தவர்கள் கிளம்பிவிடாமல் இருக்க மதுக்கடைக்காரர் மோர்கனும் கூட்டாளிகளும் செய்யும் தில்லுமுல்லுகளில் சிரிப்பு தானாக வருகிறது. ஊரில் செம்பட்டைத் தலைக் குழந்தைகள் அதிகம். அதற்குக் காரணமான அந்த மோர்கனைப் பிரசங்க மேடையிலிருந்தே திட்டும் பாதிரியார், கடைசியில் ஞாயிற்றுக்கிழமையன்று எல்லோரையும் மண் சுமக்கக் கூப்பிடுகிறார். ஆண்களில் பலர் போருக்குப் போய்விட்ட ஊர் இது. போரில் மனம் உடைந்து திரும்பிய ஜானி, இடிமின்னலில் சுருண்டு விழும்போது, இந்தப் பதினாறு அடிக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்பது புரிந்துவிடுகிறது. இயக்குநர் கிறிஸ்டோபர் மங்கர் தன் சொந்த ஊர்ப் பக்கத்துக் கதையைத்தான் எடுத்திருக்கிறார். அளக்க வந்தவர்களில் ஒருவராக நடிக்கும் ஹியூ கிராண்டின் காதல் மட்டும் ஒட்டவே இல்லை.

'பிரைட்' உண்மைச் சம்பவம். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லண்டனின் ஓரினச்சேர்க்கையாளர் குழு ஒன்று வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்கிலிருந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிதி திரட்டியது. நடிப்பில் மூன்றிலும் இதுதான் உச்சம். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே பில் நை தன் ரகசியத்தைச் சொல்ல, இமெல்டா ஸ்டான்டன் கை வேலையை நிறுத்தாமல் 'தெரியும்' என்கிற மாதிரி பதில் சொல்லும் காட்சி ஒன்றே போதும். ஆனால் அழவேண்டிய இடங்களைப் படம் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறது. லண்டன் குழுவை எதிர்க்கிற ஊர்ப் பெண்மணியும் வெறும் வில்லியாக நின்றுவிடுகிறார். அரசியலும் வேண்டும் என்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

'ட்ரீம் ஹார்ஸ்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரம் 10 பவுண்டு போட்டு ஊர்க்காரர்கள் வளர்த்த குதிரை, 2009-இல் வேல்ஷ் நேஷனல் பந்தயத்தில் ஜெயித்தது உண்மை. முடிவு தெரிந்தும் கடைசி ஓட்டத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம். மற்றபடி அளந்து தைத்த வெற்றிக்கதை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கவும் இதுதான் வசதி. எதைப் பார்த்தாலும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம்தான் என்றாலும், வேல்ஸ்காரர்கள் அதை இழுத்துப் பேசும் ராகம் காதுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும்.