தம்பிக்கு வாங்கிய ஏர் பெட்: எட்டு மாத அனுபவம்

பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்ததில் என் தம்பிக்கு முதுகெலும்பு உடைந்து, டி10 (மார்புப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது எலும்பு) மட்டத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் முதலில் வாங்கச் சொன்னது ஏர் பெட். குமிழ் குமிழாக இருக்கும் வகை, 3,400 ரூபாய்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து மரத்துப்போனால் நாம் யோசிக்காமலே நகர்ந்துகொள்வோம். தூக்கத்தில்கூடப் புரண்டு படுப்போம். அழுந்திய தோலிலிருந்து சேதி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய், அங்கிருந்து உத்தரவு வருவதால் நடக்கிற காரியம் அது. தம்பிக்குச் சேதியும் மேலே போவதில்லை, உத்தரவும் கீழே வருவதில்லை. அழுந்திய இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, வலியே தெரியாமல் தோல் புண்ணாகிவிடும். பெட் வாங்க நாங்கள் தாமதித்த நாலே நாளில், வாலெலும்புக்கு மேலே ரூபாய் அகலத்துக்குச் சிவந்துவிட்டது. அழுத்திப் பார்த்தாலும் சிவப்பு மாறவில்லை. எனக்குக் கை நடுங்கியது.

மோட்டார் ஒரு வரிசைக் குமிழ்களில் காற்றை ஏற்றி, பக்கத்து வரிசையில் இறக்கும். சில நிமிடத்தில் அது மாறும். அதனால் ஒரே இடம் தொடர்ந்து அழுந்துவதில்லை. பெட் போட்டு, திருப்பியும் படுக்க வைத்ததில் அந்தச் சிவப்பு இரண்டு வாரத்தில் மறைந்தது.

ஆனால் பெட் இருக்கிறதே என்று திருப்புவதை விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து நானும் அம்மாவும் மாறி மாறித் திருப்புகிறோம். குதிகாலுக்கு இந்தக் குமிழ் போதாது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தூக்கி வைக்க வேண்டும். ரெக்சின் மாதிரியான மேல்துணி என்பதால் முதுகு வியர்க்கிறது. மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும், கனமாகப் போட்டால் பலன் போய்விடும். கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும், அப்போது இன்னும் கவனம் வேண்டும்.

ஐந்தாம் மாதம் மோட்டார் நின்றது. வாரண்டி இருந்தும் கடைக்காரர் மாற்றித் தர 12 நாள் இழுத்தடித்தார். அந்த 12 நாளும் ராத்திரியில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தோம். மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். வீட்டில் போட்டதும், ஆளைப் படுக்க வைத்து இடுப்புக்கு நேராகப் பெட்டின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை, மோட்டாரில் உள்ள அழுத்தத் திருகைக் கூட்ட வேண்டும்.