"எவ்வளவு ஆச்சு?": டேபிள் ரீஸ்டோரைக் கண்காணிக்க எந்த வழி?

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் டீமில் எழுதாத சட்டம். பெங்களூரில் தமிழ்ப் பசங்கள் பாதிப் பேர் அந்த நேரத்தில் மடிவாளாவில் சேலம், மதுரை பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஓடும் அவசரத்தில் ஒரு தம்பி, எந்த வரிசைகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (WHERE) போடாமல் ஒரு அப்டேட்டைத் தட்டிவிட்டான். ஆர்டர் டேபிளின் எல்லா வரிசைகளும் 'டெலிவர்ட்' ஆகிவிட்டன.

முந்தைய இரவு எடுத்த மைஎஸ்க்யூஎல் டம்ப், அதாவது டேட்டாபேஸைக் கட்டளைகளாக எழுதிவைத்த பேக்கப் கோப்பு, கையில் இருந்தது. அந்த ஒரு டேபிள் மட்டும் 40 ஜிபி. அதை வேறொரு டேட்டாபேஸில் ஏற்றி (இதுதான் ரீஸ்டோர்), சரியான ஸ்டேட்டஸை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அப்புறம் மேனேஜரின் போன், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை: "எவ்வளவு ஆச்சு?"

தம்பி முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். இன்னொரு ஜன்னலைத் திறந்து வரிசைகளை எண்ணச் சொன்னான். செலக்ட் கவுண்ட். பதிலே வரவில்லை. "அண்ணே, சர்வர் தொங்கிடுச்சு போல" என்றான். சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. டம்ப் எடுக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப் எழுதும் கோப்பில், வரிசைகளைச் சேர்க்கும் இன்சர்ட்டுகளுக்கு முன்னால் 'லாக் டேபிள்ஸ் ரைட்' என்ற வரி தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். டேபிளுக்குப் போடும் அந்தப் பூட்டு விடும்வரை மற்ற எந்தக் கேள்வியும் வாசலில் நிற்க வேண்டியதுதான். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் இதே கேள்விக்குப் பதில் உடனே வரும், ஆனால் பூஜ்யம் என்று வரும். வரிசைகளை மொத்தமாக ஏற்றும் 'காப்பி' கட்டளை கமிட் ஆகும்வரை, அதாவது முடிந்து உறுதியாகும்வரை, அந்த வரிசைகள் வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே எண்ணிப் பார்ப்பதை ரெண்டு பக்கமும் மறந்துவிடலாம்.

அடுத்தது பிவி, ஒரு கட்டளையிலிருந்து அடுத்ததுக்கு டேட்டா போகும் குழாயில் (பைப்) எவ்வளவு போனது என்று அளக்கும் கருவி. குழாயின் வாயில் அதை வைத்தால் எத்தனை ஜிபி போயிருக்கிறது, எத்தனை சதவீதம், இன்னும் எவ்வளவு நேரம் என்று அழகாகக் காட்டும். மேனேஜருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப இதைவிட நல்லது கிடையாது. வைக்கும் இடம்தான் முக்கியம். ஜி-சிப் வைத்துச் சுருக்கிய டம்ப் என்றால் விரிப்பதற்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் மொத்த அளவு தெரியாமல் சதவீதமே காட்டாது. முழு டம்ப்பிலிருந்து ஒரு டேபிளை மட்டும் 'செட்' (sed) என்ற கட்டளை வைத்து வெட்டி நேராக ஏற்றுகிறோம் என்றால் இன்னொரு கூத்து நடக்கும். வேண்டாத டேபிள்கள் விர்ரென்று ஓடி 60 சதவீதம் காட்டும். நம் டேபிள் வந்ததும் நத்தை வேகம். முதலில் வெட்டித் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, பிறகு பிவி போடுவதே சரி.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பிவி சொல்லும் மீதி நேரத்தை நான் நம்புவதில்லை. அன்றைக்கு முதல் பாதி 25 நிமிடத்தில் முடிந்தது. அடுத்த பாதிக்கு ஒன்றரை மணி நேரம். காரணம் இண்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேடுவதற்கு டேட்டாபேஸ் வைத்திருக்கும் அட்டவணை. டம்ப்பில் வரிசைகள் பிரைமரி கீ (வரிசையின் அடையாளம்) ஒழுங்கில் வருவதால் டேபிள் நேராக வளர்கிறது. மற்ற காலங்களுக்கான செகண்டரி இண்டெக்ஸ்களோ கண்ட இடத்தில் எழுதப்படுகின்றன. அவை பஃபர் பூலில், அதாவது மெமரியில் ஒதுக்கிய இடத்தில், அடங்கும்வரை வேகம் குறையாது. அடங்காமல் போன நிமிடத்திலிருந்து டிஸ்க்கோடு மல்லுக்கட்டு. டம்ப்பில் இண்டெக்ஸ் எழுதுவதை நிறுத்திவைக்கும் 'டிசேபிள் கீஸ்' என்று ஒரு வரி இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். அது மைஐசாம் வகை டேபிளுக்குத்தான் வேலை செய்யும், நம் டேபிள் போன்ற இன்னோடிபி வகைக்கு இல்லை.

பிவி போடாமலே ஆரம்பித்துவிட்டீர்களா? நிறுத்த வேண்டியதில்லை. லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு பிராசஸுக்கும் ப்ராக் என்ற அடைவில் 'எஃப்டிஇன்ஃபோ' உண்டு. கோப்பில் எந்த பைட் வரை படித்திருக்கிறது என்பது அங்கே எழுதியிருக்கும். கோப்பின் அளவால் வகுத்தால் சதவீதம் ரெடி. பிவியையே ஓடும் பிராசஸின் எண்ணைக் கொடுத்து ஒட்டவைக்கவும் முடியும்.

டேபிளின் டேட்டாவை டிஸ்க்கில் வைத்திருக்கும் ஐபிடி கோப்பு வளர்வதைப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பழைய டேபிள் வருடக்கணக்கில் ஓட்டை விழுந்து பெருத்திருக்கும், புதிது இறுக்கமாக அடங்கும். '80 சதவீதம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும். டேபிள்களின் அளவைச் சொல்லும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் பார்க்கலாம் என்றால், மைஎஸ்க்யூஎல் 8-ல் அந்த அளவுகள் 86,400 விநாடிகள், அதாவது ஒரு நாள் முழுக்க, பழையதாகவே இருக்கலாம். அந்தக் காலாவதியை உங்கள் செஷனில் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஒரு சின்னத் தந்திரம். 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' கொடுத்தால் இப்போது ஓடும் இன்சர்ட்டின் முதல் 100 எழுத்துகள் தெரியும். அதில் அடைப்புக்குறி திறந்ததும் வரும் முதல் எண், பெரும்பாலும் ஐடி. பழைய டேபிளின் கடைசி ஐடி தெரிந்திருந்தால் போதும், கணக்கு முடிந்தது. கிளவுடில் சர்வருக்குள் நுழைய முடியாதபோதும் இது வேலை செய்யும், லாக்கிலும் மாட்டாது. ஐந்து நிமிட இடைவெளியில் ரெண்டு தடவை குறித்துக்கொண்டால் இப்போதைய வேகமும் கிடைக்கும். ஐடி எண்ணாக இல்லாமல் யூயூஐடி (ஏறுவரிசையில் வராத நீள அடையாளம்) என்றால் மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

பேக்கப் எடுப்பதே நம் கையில் இருந்தால் கதை வேறு. மைஎஸ்க்யூஎல் ஷெல்லின் டம்ப் வசதி 2020-ல், 8.0.21 பதிப்பில் வந்தது. முழு டம்ப்பிலிருந்து வேண்டிய டேபிளை மட்டும் பெயர் சொல்லி ஏற்றலாம். ஒரே நேரத்தில் பல த்ரெட்களில் ஏற்றும், முன்னேற்றத்தைத் தானே காட்டும். நடுவில் அறுந்துபோனால் விட்ட இடத்திலிருந்து தொடர, எதுவரை முடிந்தது என்று ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது. இண்டெக்ஸ்களைக் கடைசிக்குத் தள்ளவும் சொல்லலாம். இதை ஒரு தடவை பழகிவிட்டால் பழைய டம்ப்புக்குத் திரும்ப மனம் வராது.

இண்டெக்ஸைக் கடைசியில் வைப்பது போஸ்ட்கிரெஸில் ரீஸ்டோரின் வழக்கமே. அதனால் அங்கே பிவி நூறு சதவீதம் காட்டிய பிறகும் முக்கால் மணி நேரம் ஓடலாம். ஒரு பைட்கூட மிச்சமில்லை, இண்டெக்ஸ் கட்டிக்கொண்டிருக்கும். நல்லவேளையாக உள்ளேயே பார்க்க வழி வைத்திருக்கிறார்கள். இண்டெக்ஸ் கட்டும் நிலையைக் காட்டும் வியூ 2019-ல் 12-ஆம் பதிப்பில் வந்தது, காப்பிக்கு 2021-ல் 14-ஆம் பதிப்பில். காப்பி குழாய் வழியாக ஓடினால் மொத்த பைட் பூஜ்யம் என்றுதான் இருக்கும். ஏறிய வரிசைகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட வேண்டும். அந்த டேபிளை மட்டும் '-t' கொடுத்து ரீஸ்டோர் செய்திருந்தால் இண்டெக்ஸ் வராது என்பதையும் கவனியுங்கள். சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டு, காலையில் குவெரி நகராமல் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் மாடியிலேயே இருக்கிறார்கள்.

அன்று மேனேஜருக்கு நான் பிவி படத்தை அனுப்பிவிட்டு, ஐடி கணக்கை வைத்து "பதினொன்றரை ஆகும் சார்" என்றேன். படத்தில் 20 நிமிடம் என்று இருந்தது. முடிந்தபோது மணி 11:40. தம்பி மறுநாள் காலை கே.ஆர்.புரத்தில் ரயில் பிடித்தான்.