பிசாசுக்கு எத்தனை கட்டம்? கிறிஸ்தவத் திகில் காமிக்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

மே மாத வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பரிசுக்கும், புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைக்கும் "நல்லதா ஒரு பைபிள் காமிக்ஸ் கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். வீட்டில் பிரித்துப் பார்த்தால் நடுப்பக்கத்தில் அக்கினிக் கடல் கொதித்துக்கொண்டிருக்கும். பேய், சூனியம், நரகம், அந்திக்கிறிஸ்து எல்லாம் உள்ள கிறிஸ்தவக் காமிக்ஸ் ஒன்றிரண்டு அல்ல, ஒரு தனி அலமாரியே இருக்கிறது. பேய் வருகிறது என்பதற்காக அவற்றை ஒதுக்கத் தேவையில்லை. வேதத்தைத் திறந்தாலே பேய் வருகிறது. அதற்கு எத்தனை படக் கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள், அது போன பிறகு கதையில் யார் மிஞ்சுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். எந்தப் புத்தகமானாலும் மாற்கு 5ஆம் அதிகாரம் வரும் பக்கத்தைத் திருப்புங்கள். கல்லறைகளில் குடியிருந்து, சங்கிலிகளை முறித்து, கற்களால் தன்னையே காயப்படுத்திக்கொண்டவன் கதை. 20 வசனம். 13ஆம் வசனத்தில் பேய்கள் பன்றிகளுக்குள் புகுந்து, ஏறக்குறைய 2,000 பன்றிகள் கடலில் விழுந்து மூழ்கிவிடுகின்றன. அதற்குப் பிறகும் ஏழு வசனம் பாக்கி. அவன் துணி உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். ஊரார் அப்போதுதான் பயப்படுகிறார்கள். ஊரை விட்டுப் போய்விடும்படி இயேசுவையே கேட்டுக்கொள்கிறார்கள். நல்ல ஓவியருக்கு இந்த இடம் தெரியும். உறுமும் முகத்தைவிட, தெளிந்த முகத்தைப் பார்த்து ஊர் நடுங்குவது பெரிய திகில். பன்றிகள் பாய்வதை இரண்டு பக்கம் வரைந்துவிட்டு, அந்த ஆளை ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் முடித்திருந்தால் அந்தப் புத்தகத்தின் ருசி எது என்று புரிந்துவிடும். புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.

இந்த வகையில் அதிகம் கைமாறியவை ஜாக் சிக்கின் கைப்பிரதிகள், அதாவது மதம் பரப்பக் கையில் கொடுக்கும் குட்டிப் புத்தகங்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இருந்து வெளியிட்டவர். 1924இல் பிறந்து 2016இல் இறந்தார். சட்டைப்பையில் அடங்கும் அகலவாட்டுப் புத்தகம்: சுமார் 5 அங்குலம் நீளம், 3 அங்குலம் உயரம், 24 பக்கம், உள்ளே முழுக்கக் கறுப்பு வெள்ளை. பக்கத்துக்கு ஒன்றிரண்டு கட்டம், கடைசியில் மனந்திரும்பி ஜெபிக்கும் வழி. பேருந்து நிலையத்தில் கையில் திணித்தால் பஸ் கிளம்புவதற்குள் படித்து முடித்துவிடலாம். அந்த நேரக்கணக்கில் செய்ததுதான் அது. தமிழ் உள்படப் பல மொழிகளில் இருக்கிறது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவற்றில் 'திஸ் வாஸ் யுவர் லைஃப்' கெட்டிக்காரத்தனமான வேலை. ஒருவன் திடீரென்று சாகிறான், தூதன் அழைத்துப்போகிறான், அவன் வாழ்க்கை முழுவதும் சினிமாப்படம்போல அவன் முன்னாலேயே ஓடுகிறது, சிம்மாசனத்தில் முகமே இல்லாத, ஒளி மட்டும் உள்ள பிரமாண்ட உருவம். கடவுளுக்கு முகம் வரையாமல் விட்டதுதான் அதன் பலம். பெரியவர்களுக்கே கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ஆனால் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் அவன் நெருப்பில் தள்ளப்படுகிறான். அவன் மனந்திரும்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. எட்டு வயதுப் பிள்ளை நெருப்பைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடும். பாதிக் கதையோடு படுக்கப் போகும். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் பகலில், பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிப் பக்கம்வரை ஒரே மூச்சில் படித்துக் காட்டுங்கள். பத்து வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

1984இல் வந்த சிக்கின் 'டார்க் டஞ்சன்ஸ்' வேறு ரகம். பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டு ஒன்று பிள்ளைகளைச் சூனியத்தில் கொண்டுபோய் விடுகிறது என்பது கதை. விளையாட்டில் தன் பாத்திரம் செத்துவிட்டதென்று ஒரு பெண் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். அந்த விளையாட்டில் பாத்திரம் செத்தால் புதுப் பாத்திரம் எழுதிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள், அவ்வளவுதான். எதை எச்சரிக்கிறோமோ அதைத் தெரிந்துகொள்ளாமல் எச்சரித்தால் பதின்வயதுப் பிள்ளை சிரிக்கும். சிரித்த பிறகு அதில் உள்ள வேத வசனத்தையும் சேர்த்தே தள்ளிவிடும். தற்கொலைக் காட்சி இருப்பதால் பரிசுக் கட்டுக்குள் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே நிறுவனத்தின் 'க்ரூசேடர்ஸ்' வரிசை 1974இல் தொடங்கியது. முழு வண்ணம், சாதாரண காமிக்ஸ் அளவு. ஃபிரெட் கார்ட்டரின் ஓவியம் உண்மையிலேயே உயர்தரம்; இருட்டுக்குள் ஒரு முகத்தை எப்படி நிறுத்துவது என்று வரையப் பழகுகிறவர்கள் பார்த்துக் கற்கலாம். கதை விஷயத்தில் உஷார். 1978இல் வந்த 'ஸ்பெல்பவுண்ட்' இதழ், தான் சூனியக்காரர் குடும்பத்தில் பிறந்தவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவரின் பேச்சை நம்பி எழுதியது. 1979இன் 'ஆல்பர்டோ', தன்னை முன்னாள் இயேசு சபைக் குரு என்று சொல்லிக்கொண்டவரின் கதை. கத்தோலிக்கத் திருச்சபையே சதிக்கூடம் என்று காட்டும். இரண்டு பேரின் கதைகளையும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பத்திரிகைகளே விசாரித்து, நிற்காது என்று எழுதின. புதுச்சேரி மிஷன் வீதியில், கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோயில் நிழலில் வளரும் பிள்ளையின் கையில் இதைக் கொடுப்பது, உன் பாட்டி கும்பிட்டதெல்லாம் பிசாசைத்தான் என்று சொல்லிக் கொடுப்பதற்குச் சமம். அட்டையில் சிலுவை இருக்கிறது என்பது போதாது. யார் வெளியீடு என்று பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான வரலாறு. 1942இல் அமெரிக்காவில் பைபிள் கதைகளைக் காமிக்ஸாகப் போட ஆரம்பித்தவர் மேக்ஸ் கெய்ன்ஸ். பிறகு அவர் தொடங்கிய கம்பெனிதான் ஈ.சி. காமிக்ஸ். 1947இல் அவர் இறந்ததும் பொறுப்பு மகன் வில்லியமிடம் வந்தது. 1950இல் அதே கம்பெனி, அழுகிய பிணங்கள் எழுந்து நடக்கும் திகில் இதழ்களால் நாட்டையே கலக்கியது. அப்பா மோசேயை அச்சடித்த கம்பெனியில் மகன் பிணத்தை அச்சடித்தார். 1954இல் காமிக்ஸ் கட்டுப்பாட்டு விதி வந்து ரத்தக் காட்டேரியையும் நடைப்பிணத்தையும் தடைசெய்தது. பின்னால் வந்த சிக்கின் கைப்பிரதிகள் வழக்கமான காமிக்ஸ் விற்பனை வழியில் வராமல் விசுவாசிகள் கைவழியே பரவியதால் அந்த விதி அவற்றைத் தொடவே இல்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 'தி ஆக்‌ஷன் பைபிள்'. 2010இல் டேவிட் சி. குக் வெளியிட்டது, மார்வெல், டி.சி. என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் கம்பெனிகளுக்கு வரைந்த செர்ஜியோ கரியெல்லோவின் ஓவியம். 700 பக்கத்துக்கு மேல், கெட்டி அட்டை, கனம். சூப்பர்ஹீரோ காமிக்ஸ் நடையில் ஓடுவதால் இருண்ட இடங்களும் வேகமாகக் கடந்துபோகும். எட்டு ஒன்பது வயதுக்கு அதுவே சரி. வேகம்தான் அதன் குறையும்.

பதினைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு, 2007இல் சிக்கு என்ற ஓவியர் (ஜாக் சிக் அல்ல) ஜப்பானிய காமிக்ஸ் பாணியில் வரைந்த 'தி மங்கா பைபிள்'. 'ஜட்ஜ் டிரெட்' என்ற அதிரடி காமிக்ஸை வரைந்த கை. முரட்டுக் கறுப்பு வெள்ளை. அதிரடி கூடுதல், நிதானம் குறைவு. கதை முன்பே தெரியாதவருக்குச் சில இடங்களில் யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே பிடிபடாது.

வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்துக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. 9ஆம் அதிகாரத்தின் வெட்டுக்கிளிகள்: மனித முகம், பெண்களின் கூந்தல், சிங்கப் பல், தேளின் வால், ஐந்து மாதம் வேதனை. 1970களில் அமெரிக்காவில் பரவிய ஒரு விளக்கம் இவற்றை ஹெலிகாப்டராக்கிவிட்டது. எழுதியிருப்பதை எழுதியபடியே வரையத் துணிகிறவரா என்பது இந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும். 2012இல் ஸாண்டர்வான் வெளியிட்ட, கிறிஸ் கோயெல்லி வரைந்த முழு நீள வெளிப்படுத்தல் காமிக்ஸ் இந்த வரிசையில் பெரியவர்களுக்கானது. மெதுவாகத்தான் படிக்க முடியும். வாங்கலாம்.

இனி நம் ஊர்ச் சிக்கல். புதுச்சேரிக் கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கர் அதிகம். தெற்கே கடலூர் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம். இரண்டு ஊருக்கும் ஒரு மணி நேர பஸ்தான், ஆனால் பிள்ளைகள் கையில் இருக்கும் வேதம் வேறு. மாற்கு 5இன் அந்தப் பேயின் பெயரும் அந்த ஊராரின் பெயரும்கூட மாறும். லுத்தரன் வீட்டில் 'லேகியோன்', 'கதரேனர்', 'அசுத்த ஆவி'. 1995இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கும் வீட்டில் 'இலேகியோன்', 'கெரசேனர்', 'தீய ஆவி'. வெளிப்படுத்தின விசேஷம் அங்கே 'திருவெளிப்பாடு'. மறைக்கல்வி வகுப்புக்குத் தமிழ் காமிக்ஸ் வாங்கினால் இந்தச் சொற்களைப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் முதல் அரைமணி நேரமும் பெயர் விளக்கத்திலேயே போய்விடும்.

இன்னொன்று, தோபித்து. சாராவின் ஏழு கணவர்களை ஒருவர்பின் ஒருவராக மணநாள் இரவிலேயே கொன்ற பேயை, மீனின் இதயமும் ஈரலும் போட்ட புகை விரட்டுகிறது; எகிப்துவரை ஓடிய அதை இரபேல் தூதர் கட்டிப்போடுகிறார். கத்தோலிக்க வேதத்தின் ஆகச் சிறந்த பேய்க்கதை இதுதான். சீர்திருத்த சபை வெளியீடுகளில் இருக்காது, 'ஆக்‌ஷன் பைபிளி'லும் இல்லை. தேடி ஏமாற வேண்டாம்.

சீர்திருத்த சபைப் பக்கத்துக்கும் ஒரு பொக்கிஷம் உண்டு. 1 சாமுவேல் 28இல் சவுல் இரவில் வேஷம் மாறித் தேடிப்போகும் எந்தோர்ப் பெண்ணைப் பழைய தமிழ் வேதம் 'அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ' என்கிறது. வெற்றிலையில் மை தடவிப் பார்க்கும் காட்சி அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் வெறுமனே 'மந்திரவாதி' என்று போட்டிருந்தால் பாதித் திகில் போச்சு.

மொழிபெயர்ப்புக் காமிக்ஸில் இன்னொரு வழக்கமான கோளாறு, வசனம் எழுதும் பலூன். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பலூனில் தமிழை அடைத்தால் எழுத்து கடுகாகும். 'வெளிப்படுத்தின விசேஷம்' என்று ஒரு தலைப்பைப் போடவே பாதிப் பலூன் வேண்டும். கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். ஒற்றும் சுழியும் பிரிந்து தெரியாவிட்டால் பாட்டி பேரனுக்குப் படித்துக்காட்ட முடியாது.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஹெல்பாய்', 'ஸ்பான்', 'ஹெல்பிளேசர்' அட்டைகளில் சிலுவை, தேவதூதன், நரகம் எல்லாம் இருக்கும். அவை பெரியவர்களுக்கான பொதுத் திகில் காமிக்ஸ். அவற்றைச் சமயப் புத்தகம் என்று எண்ணி வாங்காதீர்கள்.

பாதுகாப்பு. வழவழப்பான வண்ணத்தாள் கடற்கரை ஈரத்துக்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் பட்டு நனைந்தால், தாளின் மேல்பூச்சு இளகிப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு பிரித்தால் படம் உரிந்துவரும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, இடையில் பட்டர் பேப்பர் வைத்து, மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும். பழைய கைப்பிரதிகளில் முதலில் போவது, தாள்களைச் சேர்த்திருக்கும் ஸ்டேப்ளர் பின். துரு காகிதத்தைத் தின்னும். பின்னை நகத்தால் இழுக்காமல், கால்களைக் குறட்டால் நிமிர்த்தி வெளியே எடுத்துவிட்டு, பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். ஊசி பழைய துளைகளிலேயே போக வேண்டும். புதுத் துளை போட்டால் மக்கிய தாள் அந்த வரியோடு கிழியும்.